பின்கோடு எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி: 632001, 632401, 632503

பள்ளியில் காரணிப்படுத்தக் கொடுக்கும் எண்கள் எல்லாம் 360, 1260, 1764 மாதிரி, வகுபடுவதற்கென்றே தேர்ந்தெடுத்தவை. 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் நாலு வரியில் முடிந்துவிடும். யாரும் தேர்ந்தெடுத்துத் தராத ஒரு பெரிய எண் கையில் கிடைத்தால் எங்கே ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பது பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: உங்கள் ஊர் பின்கோடை எழுதுங்கள், அதைப் பிரியுங்கள்.

பின்கோடு இதற்கு நல்ல எண். 1972 ஆகஸ்ட் 15-இல் இந்த முறை வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி பக்கம். முதல் மூன்று இலக்கம் 632 என்றால் வேலூர் வட்டாரம். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, ஆனால் ராணிப்பேட்டைக்கு இன்றைக்கும் அதே 632 தான். இந்த எண்களைக் கொடுத்தவர்கள் எது எதால் வகுபடும் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. அதுதான் நமக்கு வேண்டும்.

இந்த வழிகாட்டியில் மூன்று எண்களை எடுத்துக்கொள்கிறேன்: வேலூர் தலைமை அஞ்சலகத்தின் 632001, ராணிப்பேட்டையின் 632401, ஆற்காட்டின் 632503. மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமாகத் திறக்கின்றன. ஒரு நோட்டு, பென்சில், சாதாரண கால்குலேட்டர் இருந்தால் போதும். கால்குலேட்டர் இல்லாமலும் முடியும், நேரம்தான் கூடும்.

படி 1: வகுப்பதற்கு முன்னால் எண்ணைப் பாருங்கள்

எடுத்தவுடனே வகுக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் வர்க்கமூலம். 795 × 795 = 632025. இந்த ஒரு பெருக்கலை நோட்டின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் உதவும். 632001 இதைவிட 24 குறைவு, 632401 இதைவிட 376 அதிகம், 632503 இதைவிட 478 அதிகம். 632001-இன் வர்க்கமூலம் 795-க்கு ஒரு துளி கீழே. மற்ற இரண்டுக்கும் 795-க்கும் 796-க்கும் நடுவில்.

வர்க்கமூலம் எதற்கு? ஒரு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால் இரண்டும் சேர்ந்தாற்போல் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது, இருந்தால் பெருக்கல் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே காரணி என்று ஒன்று இருந்தால் அதில் சின்னது 795-க்குள் இருந்தே ஆக வேண்டும். 795 வரை எந்தப் பகா எண்ணும் வகுக்கவில்லை என்றால் அந்த எண்ணே பகா எண். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு இதுதான் பதில். மாணவர்கள் மறந்துபோவதும் இதைத்தான்.

அடுத்து சின்னச் சோதனைகள். மூன்று எண்ணுமே ஒற்றைப்படை, அதனால் 2 போச்சு. கடைசி இலக்கம் 0, 5 இல்லை, அதனால் 5-உம் போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் 632001-க்கு 12, 632401-க்கு 16, 632503-க்கு 19. ஆக வேலூர் மட்டும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

படி 2: 1001 வித்தை

ஆறிலக்க எண் என்றால் நான் மறக்காமல் செய்வது இது. 7 × 11 × 13 = 1001. இதை வைத்துக்கொண்டு 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் சோதித்துவிடலாம்.

ராணிப்பேட்டையை எடுங்கள். 632401 என்பது 632 ஆயிரமும் 401-உம். 632 × 1000 + 401 என்பதை 632 × 1001 − 632 + 401 என்று எழுதலாம், அதாவது 632 × 1001 − 231. முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும் என்பது தெரிந்ததே. ஆகவே 231 எதால் வகுபடுகிறதோ அதைப் பார்த்தால் போதும். 231 = 3 × 7 × 11. அப்படியென்றால் 632401-ஐ 7 வகுக்கும், 11 வகுக்கும், 13 வகுக்காது. (231-இல் இருக்கும் 3 இங்கே கணக்கில் வராது, ஏனென்றால் 1001 என்பது 3-ஆல் வகுபடாத எண்.) ஒரே கழித்தல், மூன்று பதில்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள், பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள், வந்ததை 7, 11, 13-ஆல் வகுத்துப் பாருங்கள். வேலூருக்கு 632 − 001 = 631, மூன்றாலும் வகுபடாது. ஆற்காட்டுக்கு 632 − 503 = 129 = 3 × 43, அதுவும் வகுபடாது. ஏழுக்கு என்று தனியாகக் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கும் முறை ஒன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது, தப்பில்லை, ஆனால் ஆறிலக்க எண்ணுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

படி 3: ராணிப்பேட்டை, வகுத்துக்கொண்டே போவது

632401 ÷ 77 = 8213. இங்கே ஒரு நல்ல விஷயம் நடந்துவிட்டது. இதுவரை 795 வரை தேட வேண்டியிருந்தது, இப்போது 8213-இன் வர்க்கமூலம் 90-க்கும் 91-க்கும் நடுவில் என்பதால் 90 வரை தேடினால் போதும். ஒவ்வொரு காரணி கிடைத்தவுடனும் எல்லையைத் திரும்பக் கணக்கிடுங்கள், பாதி வேலை அதிலேயே குறைந்துவிடும்.

2, 3, 5, 13 ஏற்கெனவே கழிந்தவை. 7-உம் 11-உம் இன்னொரு முறை வகுக்குமா என்று பார்க்க வேண்டும் (இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்): 7 × 1173 = 8211, மீதி 2; 11 × 746 = 8206, மீதி 7. இல்லை. அப்புறம் 17-க்கு மீதி 2, 19-க்கு 5, 23-க்கு 2, 29-க்கு 6, 31-க்கு 29, 37-க்கு 36, 41-க்கு 13. அடுத்து 43. 43 × 191 = 8213. மீதி இல்லை.

191 பகா எண்ணா? தனியாகச் சோதிக்கவே வேண்டாம். 8213-ஐ 43-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணும் வகுக்கவில்லை என்று பார்த்துவிட்டோம், 191-க்கு ஒரு காரணி இருந்தால் அது 13-க்குள் இருந்திருக்க வேண்டும். ஆகவே பகா எண்தான்.

632401 = 7 × 11 × 43 × 191

படி 4: வேலூர், ஃபெர்மாவின் வழி

632001-ஐயும் இதே வழியில் பிரிக்கலாம். 3-ஆல் வகுத்தால் 210667. அதன் வர்க்கமூலம் 458-க்கு மேலே, 459-க்குக் கீழே. 5, 7, 11, 13, 17, 19 என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் வகுக்காது. 100-ஐத் தாண்டியும் வகுக்காது, 200-ஐத் தாண்டியும் வகுக்காது. 293 வந்தால்தான் வகுபடும், அது 62-ஆவது பகா எண். பொறுமை இருந்தால் செய்யலாம்.

ஆனால் படி 1-இல் எழுதி வைத்ததைத் திரும்பப் பாருங்கள்: 632001 ஒரு முழு வர்க்கத்தைவிட வெறும் 24 குறைவு. எண் ஒரு வர்க்கத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருந்தால் உடனே ஃபெர்மாவை நினைக்க வேண்டும். பிரான்சில் நீதிமன்றத்தில் வேலை பார்த்துக்கொண்டே கணக்குப் போட்ட அந்த மனிதர் 1643 வாக்கில் எழுதிய ஒரு கடிதத்தில் இந்த முறை இருக்கிறது. எட்டாம் வகுப்பில் படித்த a² − b² = (a + b)(a − b) என்ற சூத்திரத்தைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் முறை. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தானாகவே வந்துவிடும்.

வர்க்கமூலத்துக்கு மேலே உள்ள முதல் முழு எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதாவது 795.

795² − 632001 = 24. வர்க்கமா? இல்லை.
796² − 632001 = 1615. இல்லை, 40² = 1600, 41² = 1681.
797² − 632001 = 3208. 8-இல் முடிகிறது, வர்க்கம் 8-இல் முடியாது.
798² − 632001 = 4803. 3-இலும் முடியாது.
799² − 632001 = 6400. அதுதான் 80².

ஐந்தே வரி. 632001 = 799² − 80² = (799 + 80)(799 − 80) = 879 × 719.

இதில் ஒவ்வொரு முறையும் வர்க்கம் கண்டுபிடித்துக் கழிக்கக்கூட வேண்டாம். 24-உடன் 1591-ஐக் கூட்டினால் 1615, அதனுடன் 1593-ஐக் கூட்டினால் 3208, 1595-ஐக் கூட்டினால் 4803, 1597-ஐக் கூட்டினால் 6400. அடுத்தடுத்த வர்க்கங்களின் இடைவெளி ஒற்றைப்படை எண்களாக இரண்டிரண்டாகக் கூடிக்கொண்டே போகும், அதனால் வெறும் கூட்டல் தெரிந்தால் போதும். இதைப் பலகையில் போட்டுக் காட்டும்போது 6400 வந்தவுடன் வகுப்பில் ஒரு சத்தம் வரும், அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் போடுவேன்.

879-இன் இலக்கக் கூடுதல் 24, ஆகவே 3 × 293. 293-க்கு 17 வரை, 719-க்கு 26 வரை சோதித்தால் இரண்டும் பகா எண் என்று தெரியும்.

632001 = 3 × 293 × 719

இந்த முறை எப்போதும் இப்படி ஓடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தால்தான் (இங்கே 719, 879) சீக்கிரம் முடியும். ராணிப்பேட்டைக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் ஜோடி 473 × 1337, அதாவது 905² − 432². 796-இல் தொடங்கி 905 வரை 110 வரி போட வேண்டும், அங்கே வகுத்துப் பார்ப்பதே மேல். ஆற்காட்டுக்கோ 316252 வரைக்கும் போக வேண்டும், மூன்று லட்சத்துக்கு மேல் வரிகள்! எந்த எண்ணுக்கு எந்த வழி என்று முதலில் பார்த்து முடிவுசெய்யச் சொல்வது இதற்காகத்தான்.

படி 5: ஆற்காடு, எதற்கும் மசியாத எண்

632503-க்கு 3 இல்லை, 1001 வித்தையில் எதுவும் இல்லை. 17-க்கு மீதி 1. 23-க்கு மீதி 3. 53-க்கு மறுபடியும் மீதி 1. இப்படியே போனால் 795 வரை மொத்தம் 138 பகா எண்கள், அத்தனையையும் சோதிக்க வேண்டும். கால்குலேட்டர் இருந்தால் ஒரு சாயங்கால வேலை. இரண்டு பேர் உட்கார்ந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம்.

கையால் செய்கிறவர்களுக்கு ஒரு சுருக்குவழி. 632503 = 795² + 478 என்று வைத்திருக்கிறோம் இல்லையா. 773 வகுக்குமா என்று பார்க்க வேண்டும். 795 என்பது 773-ஐவிட 22 கூடுதல். அப்படியென்றால் 795²-ஐ 773-ஆல் வகுத்தால் வரும் மீதியும் 22²-ஐ வகுத்தால் வரும் மீதியும் ஒன்றுதான். 22² = 484, அதனுடன் 478-ஐக் கூட்டினால் 962, அதில் 773 போனால் 189. மீதி 189, வகுபடாது. ஆறிலக்க எண்ணை மூன்றிலக்க எண்ணால் வகுக்கும் வேலை போய், மனக்கணக்காகிவிட்டது. 397 மாதிரி பாதியில் இருக்கும் எண்களுக்கு இன்னும் எளிது: 795 = 2 × 397 + 1, ஆகவே 1 + 478 = 479, அதில் 397 போனால் மீதி 82.

138-ஐயும் முடித்தால் ஒன்றுகூட வகுக்காது. 632503 பகா எண். பாலாற்றின் ஒரு கரையில் இருக்கும் ராணிப்பேட்டை நாலாகப் பிரிகிறது, எதிர்க்கரை ஆற்காடு பிரியவே மாட்டேன் என்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை, இதற்குக் காரணம் எதுவும் கிடையாது, எண்கள் அப்படி விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இது எவ்வளவு அபூர்வம்? பத்து லட்சத்துக்குள் 78498 பகா எண்கள் இருக்கின்றன. 632000 பக்கத்தில் சராசரியாகப் பதின்மூன்று எண்ணுக்கு ஒன்று. ஆகவே ஊர் ஊராகப் பின்கோடுகளைச் சோதித்தால் இன்னும் சில கிடைக்கத்தான் செய்யும்.

கம்ப்யூட்டர் இப்படி 138 முறை வகுத்துக்கொண்டிருக்காது. p பகா எண் என்றால், p வகுக்காத எந்த எண்ணையும் p − 1 முறை தன்னால் பெருக்கி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும், இதுவும் ஃபெர்மா சொன்னதுதான். 1 வரவில்லை என்றால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் மட்டும் முழுசாக நம்ப முடியாது, 341 = 11 × 31 என்பது 2-ஐ வைத்துச் சோதித்தால் பகா எண் மாதிரியே நடிக்கும். இந்த ஓட்டையை அடைத்துச் செய்த சோதனைக்கு மில்லர்–ராபின் என்று பெயர். ஆறிலக்க எண் எதுவாக இருந்தாலும் 2-ஐ வைத்து ஒரு முறை, 3-ஐ வைத்து ஒரு முறை அந்தச் சோதனையைச் செய்தால் பதில் சந்தேகமில்லாமல் சரி. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அவசியம் எழுதிப் பாருங்கள், பத்துப் பதினைந்து வரிதான்.

படி 6: காரணிகள் கிடைத்துவிட்டன, இனி எல்லாம் அதிலிருந்தே

இதுவரை செய்தது கஷ்டமான பகுதி. பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்ற எல்லாப் பண்புகளும் சின்னச் சின்னப் பெருக்கல்கள்தான்.

எத்தனை காரணிகள்? ராணிப்பேட்டையில் நாலு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே 2 × 2 × 2 × 2 = 16. அவை 1, 7, 11, 43, 77, 191, 301, 473, 1337, 2101, 3311, 8213, 14707, 57491, 90343, 632401. முதலும் கடைசியும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் என்று ஜோடி சேர்த்துப் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் 632401 வர வேண்டும். 301 × 2101-ஐ மனசிலேயே போட்டுவிடலாம்: 300 × 2101 = 630300, இன்னொரு 2101 சேர்த்தால் 632401. வேலூருக்கு 8 காரணிகள், ஆற்காட்டுக்கு 1-உம் தானும் என்று இரண்டே இரண்டு.

காரணிகளின் கூட்டல்? அத்தனையையும் எழுதிக் கூட்ட வேண்டாம். (1 + 7)(1 + 11)(1 + 43)(1 + 191) = 8 × 12 × 44 × 192 = 811008. இந்த அடைப்புகளைப் பெருக்கி விரித்தால் பதினாறு காரணிகளும் ஒவ்வொரு முறை வருவதைப் பார்க்கலாம், சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்துவிடும். இதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால் 178607, எண்ணைவிட மிகவும் குறைவு. இப்படிப்பட்டதைக் குறைவெண் என்பார்கள். வேலூருக்கு 4 × 294 × 720 = 846720, அதில் 632001 போனால் 214719, அதுவும் குறைவெண்.

மிகையெண், அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் தன்னைவிட அதிகமாக வரும் எண், பார்க்க வேண்டுமா? சி.எம்.சி. மருத்துவமனையின் பின்கோடு 632004. இது 12-ஆல் வகுபடும். இதன் பாதி 316002, மூன்றில் ஒன்று 210668, ஆறில் ஒன்று 105334. இந்த மூன்றையும் கூட்டினாலே சரியாக 632004 வந்துவிடுகிறது, ஏனென்றால் ½ + ⅓ + ⅙ = 1. இன்னும் கால் பாகம் 158001, அப்புறம் 1, 2, 3 எல்லாம் மீதி இருக்கின்றன. ஆக மிகையெண் என்பதை முழுசாகக் காரணிப்படுத்தாமலே சொல்லிவிட்டோம். 6-ஐவிடப் பெரிய, 6-ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் இது பொருந்தும்.

ஆய்லர் எண்ணிக்கை என்று ஒன்று உண்டு, 1 முதல் அந்த எண் வரைக்கும் அதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது. ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும். ராணிப்பேட்டைக்கு 6 × 10 × 42 × 190 = 478800, வேலூருக்கு 2 × 292 × 718 = 419312, ஆற்காட்டுக்கு 632502. பகாக் காரணி திரும்பத் திரும்ப வந்தால் இந்தச் சூத்திரம் கொஞ்சம் மாறும், நம்முடைய மூன்றிலும் அந்தச் சிக்கல் இல்லை. இணையத்தில் பணம் அனுப்பும்போது பாதுகாப்புக்குப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை (1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் செய்தது) இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது. பகாக் காரணிகள் தெரிந்தவருக்கு இது ஒரு பெருக்கல், தெரியாதவருக்கு எட்டாத தூரம்.

ஒரு எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருப்பது சகஜம்? இதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் நம் ராமானுஜன். ஹார்டியும் அவரும் 1917-இல் காட்டியபடி, எண்ணின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) எடுத்து, அதற்கு இன்னொரு முறை மடக்கை எடுத்தால் வருவதுதான் பெரும்பாலான எண்களுக்கு அந்த எண்ணிக்கையின் அளவு. 632001-க்கு முதல் மடக்கை சுமார் 13.36, அதன் மடக்கை சுமார் 2.6. வேலூருக்கு 3 என்பது ரொம்பச் சாதாரணம், ராணிப்பேட்டைக்கு 4 கொஞ்சம் தாராளம், ஆற்காட்டுக்கு 1.

படி 7: வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா

எனக்குப் பிடித்த பகுதி இது. ஒற்றைப்படைப் பகா எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் அல்லது 3 வரும். மீதி 1 என்றால் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும், 293 = 17² + 2² மாதிரி. மீதி 3 என்றால் முடியவே முடியாது. முழு எண்ணுக்கு விதி: மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். 632401-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே இரண்டு வர்க்கமாக எழுதலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். கிடைக்காது. 7, 11, 43, 191 நாலையும் தனித்தனியாக 4-ஆல் வகுத்துப் பாருங்கள், நாலுக்கும் மீதி 3! ஒவ்வொன்றும் ஒரே முறை வருகிறது. வேலூரிலும் 293 ஒத்துழைக்கிறது, 3-உம் 719-உம் கெடுத்துவிடுகின்றன. ஆற்காட்டுக்கு மீதியே 3.

சரி, மூன்று வர்க்கம்? இதற்கு 8-ஆல் வகுக்க வேண்டும், கடைசி மூன்று இலக்கம் போதும். 401-க்கு மீதி 1, ராணிப்பேட்டை தப்பிக்கிறது: 632401 = 787² + 114² + 6². கூட்டிப் பாருங்கள், 619369 + 12996 + 36. ஆற்காட்டில் 503-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 என்ற மூன்றில் ஒன்றுதான், இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்துக் கூட்டினாலும் 7 மீதி வராது. ஆகவே 632503-க்கு நாலு வர்க்கம் கட்டாயம். நாலு இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்துவிட்டார். தேடுவதும் கஷ்டமில்லை, 795² + 478 என்று வைத்திருக்கிறோமே, 478-ஐ மூன்று வர்க்கமாக்கினால் முடிந்தது: 632503 = 795² + 21² + 6² + 1².

படி 8: 1-ஐ 632401-ஆல் வகுத்தால்

தசமத்தில் போய்க்கொண்டே இருக்கும், எங்கோ ஒரு இடத்தில் திரும்ப ஆரம்பிக்கும். எத்தனை இலக்கத்துக்கு ஒரு முறை என்பதை வகுக்காமலே சொல்லலாம். 1/7 ஆறு இலக்கத்துக்கு ஒரு முறை திரும்பும் (142857), 1/11 இரண்டு இலக்கத்துக்கு (09), 1/43 இருபத்தொன்றுக்கு, 1/191 தொண்ணூற்றைந்துக்கு. நாலுக்கும் மீச்சிறு பொது மடங்கு எடுங்கள்: 6, 2, 21, 95-க்கு 3990. ஆக 1/632401 என்ற பின்னம் 3990 இலக்கங்களுக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்கும். 43-க்கும் 191-க்கும் நீள வகுத்தலில் மீதி 1 திரும்ப வரும் வரை போட்டு எண்ணிப் பார்க்கலாம், 191-க்கு ஒரு பக்கம் நோட்டு ஆகும்.

ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் பைனரி முறை) எழுத வேண்டுமென்றால் 2-ஆல் வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும், 632401-க்கு 10011010011001010001. இருபது இலக்கம், ஒன்பது ஒன்றுகள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சரிபார்ப்பதும், நீங்கள் செய்ய ஒரு எண்ணும்

காரணிப்படுத்தி முடித்தவுடன் பெருக்கிப் பாருங்கள், அதற்கு முன் ஒன்பது தள்ளும் சோதனையைப் போடுங்கள். 719-இன் இலக்கங்களைக் கூட்டக் கூட்ட 8, 879-க்கு 6. 8 × 6 = 48, அது 12, அது 3. 632001-க்கும் 12, அதுவும் 3. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் நிச்சயம் எங்கோ தப்பு. ஒத்துப்போனால் மட்டும் முழு நிம்மதி இல்லை, இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது.

பயிற்சிக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டின் 632115-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் 5. இலக்கக் கூடுதல் 18, ஆகவே 9 வகுக்கும். 632 − 115 = 517 = 11 × 47, ஆகவே 11 வகுக்கும், 7-உம் 13-உம் வகுக்காது. 9 × 5 × 11 = 495-ஆல் வகுத்தால் 1277 மீந்து நிற்கும், அது பகா எண்ணா என்று 35 வரை நீங்கள் பாருங்கள். மொத்தம் 24 காரணிகள், அவற்றின் கூட்டல் 1196208 வர வேண்டும். வேறு எண் வந்தால் முதலில் 3-இன் அடைப்பைப் பாருங்கள்: இங்கே 3 இரண்டு முறை வருவதால் அது (1 + 3 + 9), (1 + 3) இல்லை.